அரை கிலோ துப்பாக்கி வேணுமா? பண்ருட்டி முந்திரி வியாபாரிக்கு பதில்

கேள்வி: ஐயா, பண்ருட்டி பக்கம் முந்திரி வியாபாரம் பண்றேன். வாரத்துல ரெண்டு மூணு சாயங்காலம் கடலூர், புதுச்சேரி பார்ட்டிங்ககிட்ட வசூலுக்கு போய்ட்டு ராத்திரி நெல்லிக்குப்பம் வழியா திரும்பணும். சில நாள் கார், சில நாள் பைக். ஒரு தடவ ரெண்டு பேர் ரொம்ப தூரம் பின்னாடியே வந்தானுங்க, அதுக்கப்புறம்தான் மனு போட்டேன், இப்ப கைத்துப்பாக்கி ஒண்ணுக்கு லைசென்ஸ் கெடச்சிருக்கு. டெக்ஸாஸ்ல இருக்கற மச்சான் சிக் பி365-னு ஒரு குட்டி பிஸ்டல போட்டோ அனுப்பி, அரை கிலோதான், சட்டைக்குள்ள வச்சா தெரியவே தெரியாதுங்கறாரு. அது மாதிரி லேசா, சின்னதா எது வாங்கலாம்? நான் பெரும்பாலும் வேட்டி சட்டைதான்.

பதில்: தம்பி, மொதல்ல மச்சான் அனுப்புன போட்டோவ ஒதுக்கி வச்சிடுங்க. அது நல்ல பிஸ்டல்தான், குறை சொல்லல. 2018-ல வந்துச்சு, அரை கிலோ எடையில பத்து ரவுண்ட் மேகசின் வச்சதால அமெரிக்காவுல குட்டி பிஸ்டல் மார்க்கெட்டே மாறிப்போச்சு. ஆனா அது 9 எம்எம். நம்ம ஊர்ல 9 எம்எம் ராணுவமும் போலீசும் வச்சிருக்கற போர் (bore, குழல் துளையோட அளவு), அதனால சாதாரண ஆளுக்கு அது ப்ரோஹிபிட்டட் போர், அதாவது தடை பண்ண அளவு, உங்க கையில இருக்கற லைசென்ஸ் நான்-ப்ரோஹிபிட்டட் போருக்கு. மச்சான் இருக்கற டெக்ஸாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து 21 வயசாகி சட்டத் தடை எதுவும் இல்லாதவங்க லைசென்ஸே இல்லாம கைத்துப்பாக்கி இடுப்புல வச்சிக்கிட்டு நடக்கலாம், இங்க லைசென்ஸ் இருக்கறவரே தடை பண்ண போர்ல ஒண்ணு வச்சிருந்தா ஆயுதச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்புறம் கொறஞ்சது ஏழு வருஷம், பதினாலு வரைக்கும் போகும். யாராவது "சார் ஒரு ஃபாரின் பீஸ் இருக்கு, சல்லிசா முடிச்சு தர்றேன்"னு வந்தா அந்த ஆளோட டீ கூட குடிக்காதீங்க. கைத்துப்பாக்கி இம்போர்ட் 1980-களோட நடுவுல இருந்தே தனி ஆளுங்களுக்கு அடைச்சாச்சு, இப்ப வெளியில சுத்தற ஒழுங்கான ஃபாரின் பீஸ் எல்லாம் அதுக்கு முன்னாடி வந்த பழசு, கை மாறி கை மாறி லட்சக்கணக்குல விலை போவுது. அந்த விலை இரும்புக்கு இல்ல, பேருக்கு.

அப்போ உங்களுக்கு என்ன மிச்சம்னா நடைமுறையில பாயின்ட் 32 போர்தான். இதுல ஒண்ணு கவனிங்க, ரிவால்வர்ல போற பாயின்ட் 32 வேற, பிஸ்டல்ல போற பாயின்ட் 32 வேற, பேர் ஒண்ணா இருக்கறதால கடையில கூட புதுப் பையனுங்க குழம்புவாங்க, ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ண போட்டு பாக்கவே கூடாது. ரெண்டுமே 1800-களோட கடைசி வருஷங்கள்ல வந்த பழைய தோட்டாங்க. பவர்னு பாத்தா 9 எம்எம்ல மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். கொறைன்னு நினைக்காதீங்க, பவர் கம்மின்னா கைய ஒதறல் கம்மி, புதுசா கத்துக்கறவருக்கு அது லாபம்.

இப்ப எடைக்கு வர்றேன், நீங்க கேட்டதே அதத்தானே. லேசானது வேணும்னா இந்தியாவுல பேர் சொல்ற ரிவால்வர் ஒண்ணு இருக்கு, நிர்பீக். 2014 ஜனவரில கான்பூர்ல இருக்கற அரசாங்க ஆயுத ஃபேக்டரி, அதாவது ஆர்டினன்ஸ் ஃபேக்டரி கொண்டு வந்தாங்க, டைட்டானியம் கலந்த உலோகம், சுமார் 500 கிராம், ஆறு ரவுண்ட், பொம்பளைங்க ஹேண்ட்பேக்ல வைக்கற மாதிரின்னு சொல்லித்தான் வித்தாங்க, அப்பவே விலை லட்சத்த தாண்டுச்சு. அதே கான்பூர் ஆளுங்க, இப்ப ஆர்டினன்ஸ் ஃபேக்டரிய பிரிச்சு கம்பெனி ஆக்குனதுக்கு அப்புறம், 2023 ஆகஸ்ட்ல ப்ரபல்-னு இன்னொண்ணு விட்டாங்க, தோட்டா இல்லாம 675 கிராம், மூணு இன்ச் பேரல். பழைய ஆர்டினன்ஸ் பாயின்ட் 32 ரிவால்வரும் எழுநூறு பக்கம்தான் வரும். உத்தரப் பிரதேசத்துல ஹர்தோய் பக்கம் சண்டிலாவுல வெப்ளி அண்ட் ஸ்காட் பேர்ல செய்யற ரிவால்வரும் மார்க்கெட்ல இருக்கு. ஆக உங்க முன்னாடி இருக்கற வித்தியாசம் இருநூறு கிராம் சொச்சம். எதுவா இருந்தாலும் ஆறு தோட்டா போட்டா இன்னொரு அறுபது கிராம் கூடும், அதையும் சேத்துத்தான் எடை பாக்கணும், கேட்லாக்ல போடறது காலி துப்பாக்கியோட எடை.

லேசா இருந்தா நல்லதுதானேன்னு கேப்பீங்க. சுமக்கறதுக்கு நல்லது. சுடறதுக்கு இல்ல. காரணம் எல்லாரும் சொல்ற ஒதறல் மட்டும் இல்ல, பாயின்ட் 32-ல ஒதறல் பெரிய விஷயமே கிடையாது, விஷயம் ட்ரிகர். ரிவால்வர்ல ஹேமர, அதான் தோட்டாவ அடிக்கற சுத்தியல, கையால பின்னாடி இழுக்காம நேரா ட்ரிகர மட்டும் அழுத்தி சுடறது இருக்கே, டபுள் ஆக்‌ஷன், அதுல ஒரு விரல் தனியா அஞ்சாறு கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும், அந்த விரலேதான் எல்லா வேலையும் செய்யுது, தோட்டா இருக்கற சிலிண்டர சுத்துது, ஹேமர தூக்குது, விடுது, எல்லாம் அந்த ஒரே இழுவையில. துப்பாக்கி எடை அரை கிலோ, இழுவை அதுக்கு பத்து மடங்கு. அப்போ என்ன ஆகும், துப்பாக்கி அசையாம நிக்கறதுக்கு அதோட சொந்த எடை உதவி பண்ணாது, முழுக்க உங்க கைப்பிடிதான் தாங்கணும், புதுசா புடிக்கறவருக்கு குண்டு வெளிய போறதுக்கு முன்னாடியே பேரல் மூக்கு கீழயோ சைடுலயோ சாஞ்சிருக்கும். ரேஞ்ச்ல நான் பயிற்சி குடுத்த வரைக்கும் (சி.ஐ.எஸ்.எஃப்-ல ஆயுதப் பயிற்சியாளரா இருந்து ரிடையர் ஆனவன், நெய்வேலியும் பாத்தவன்) குறி தப்பறவங்க பெரும்பாலும் கண்ணால தப்பல, விரலால தப்பறாங்க. இருநூறு கிராம் கூட இருந்தா அந்த ஆட்டம் நல்லாவே அடங்கும்.

கடைக்கு போனா ஒரு சோதனை பண்ணி பாருங்க. டீலர்கிட்ட கேட்டு, காலியான்னு அவரும் பாத்து நீங்களும் சிலிண்டர தொறந்து கண்ணால பாத்து, சுவத்த பாத்து புடிச்சிக்கிட்டு, பேரல் மேல ஒரு ரூபா காசு வைக்க சொல்லுங்க, நிக்கற மாதிரி தட்டையான எடம் இருந்தா. இப்ப ட்ரிகர மெதுவா ஒரே சீரா இழுங்க. காசு விழாம இழுக்க முடியுதா? பத்து தடவ இழுத்து பாத்து எந்த துப்பாக்கியில கம்மியா விழுதோ அது உங்களோடது, எடை என்னவா இருந்தாலும். சில பேருக்கு விரல் சின்னது, ட்ரிகருக்கு எட்டாது, சில பேருக்கு கை பெருசு, சுண்டு விரல் பிடிக்கு கீழ தொங்கும், இதெல்லாம் போட்டோல தெரியாது, மச்சானுக்கும் தெரியாது.

இன்னொண்ணும் யோசிங்க, மச்சான் காலைல போட்ட துப்பாக்கிய ராத்திரி படுக்கும்போதுதான் கழட்டுவாரு, அவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்குதான். நீங்க வாரத்துல ரெண்டு மூணு சாயங்காலம், அதுவும் சில மணி நேரம். அதுக்கு எதுக்கு லட்சத்துக்கு மேல குடுத்து இருநூறு கிராம் கொறைக்கணும்? என் கருத்து, 675-ல இருந்து எழுநூறு கிராம் ரிவால்வர்தான் உங்களுக்கு. அதுல ப்ரபல் மாதிரி சிலிண்டர் சைடுல வெளிய வர்ற அமைப்பு கெடச்சா இன்னும் நல்லது, பழைய மாடலெல்லாம் நடுவுல மடக்கி தொறக்கற டாப் பிரேக், அதுவும் ஒழுங்காதான் வேலை செய்யும், ஆனா செகண்ட் ஹேண்ட்ல வாங்கறதா இருந்தா அந்த மடக்கற கீல்ல ஆட்டம் இருக்கா, லாக் இறுக்கமா விழுதான்னு துப்பாக்கி பழுது பாக்கற ஆர்மரர் ஒருத்தர வச்சு பாக்காம காசு குடுக்காதீங்க.

பிஸ்டல் ஏன் சொல்லலன்னு கேக்கலாம். ஆர்டினன்ஸ்ல அசனி-ன்னு பாயின்ட் 32 பிஸ்டல் இருக்கு, தட்டையா இருக்கும், மறைக்கறதுக்கு ரிவால்வர விட பிஸ்டல்தான் சுலபம், சிலிண்டர் புடைப்பு கிடையாதே. ஆனா பிஸ்டல் பழக்கம் கேக்கும். ஸ்லைட இழுக்கணும், சேஃப்டிய தட்டணும், மேகசின் ஸ்பிரிங் பாக்கணும், ஒரு தோட்டா வெடிக்கலன்னா ரிவால்வர்ல மறுபடி ட்ரிகர இழுத்தா அடுத்தது வந்துடும், பிஸ்டல்ல கையால இழுத்து அத வெளிய தள்ளணும், இருட்டுல வேர்த்த கையோட. அமெரிக்காக்காரன் வாரக் கடைசியில நூறு இருநூறு ரவுண்ட் சுட்டு அந்த பழக்கத்த ஏத்திக்கறான். உங்களுக்கு வருஷத்துக்கு இவ்ளோதான் தோட்டான்னு லைசென்ஸ்லயே எழுதியிருக்கு, ஒரு ரவுண்ட் விலையும் கொஞ்சமில்ல. பழகவே முடியாதவருக்கு பழக்கம் கேக்கற கருவி எதுக்கு?

அடுத்து மறைச்சு வைக்கறது. அமெரிக்காவுல மறைச்சு எடுத்துட்டு போறது ஒரு தனி உரிமை மாதிரி பேசுவாங்க, இங்க அது கட்டாயம். 2016 ஆயுத விதிகள்ல 32-வது விதிய படிங்க, பொது எடத்துல கைத்துப்பாக்கின்னா உடம்போட மாட்டுன ஹோல்ஸ்டர்லயோ இல்ல பை மாதிரி ஒண்ணுலயோதான் இருக்கணும், முழுசா மூடியிருக்கணும், உங்க கட்டுப்பாட்டுல இருக்கணும். வெளிய எடுத்து காட்டறது, மெரட்டறது எதுவும் ஆகாது, லைசென்ஸ் போயிடும். கல்யாண மண்டபத்துல சட்டைய தூக்கி காட்டற பழக்கம் நம்ம பக்கம் சில பெரிய மனுஷங்களுக்கு இருக்கு, அத பாத்து கத்துக்காதீங்க.

வேட்டி பத்தி கேட்டீங்களே, நேராவே சொல்றேன், வேட்டியில வேண்டாம். அந்த பர்ஸ் வச்ச வேட்டி பெல்ட் அகலமா இருந்தாலும் துவளும், முக்கால் கிலோ தொங்குனா ஒரு பக்கமா எறங்கும், நீங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ இடுப்ப தூக்கி விட்டுக்கிட்டே இருப்பீங்க, எங்க என்ன இருக்குன்னு பாக்கறவனுக்கு அதுவே சொல்லிடும். எடுக்கும்போது வேட்டி முனையும் கூடவே வரும். பர்ஸ் பாக்கெட்ல சும்மா சொருகறது அத விட மோசம், சாவியோ பேனாவோ ட்ரிகர் கார்டுக்குள்ள போச்சுன்னா தொடையிலதான் குண்டு. வசூல் நாள்ல பேன்ட் போடுங்க, நல்ல தடிமனான தோல் பெல்ட், ட்ரிகர முழுசா மூடற ஹோல்ஸ்டர், வலது இடுப்புல கொஞ்சம் பின்னாடி தள்ளி, மேல ஒரு சைஸ் பெரிய அரைக்கை சட்டை, உள்ள விடாம. கட்டம் போட்டதோ அடர்ந்த கலரோ. வெள்ளைச் சட்டை இந்த வேர்வையில ஒட்டி எல்லாத்தயும் காட்டிடும். ஹோல்ஸ்டர்ல காச மிச்சம் புடிக்காதீங்க, துப்பாக்கி வாங்கற எடத்துலயே அந்த மாடலுக்கு அச்சா பொருந்தறத வாங்குங்க, பொதுவா எல்லாத்துக்கும் போடற துணிப் பை ஹோல்ஸ்டர் ஆடும்.

விதியில பையில வைக்கலாம்னு இருக்குன்னு பணப் பையிலயே துப்பாக்கியையும் போட்டு வைக்கற ஆளுங்கள எனக்கு தெரியும். யோசிச்சு பாருங்க தம்பி, திருடன் எத புடுங்குவான்? பணத்தோட சேத்து துப்பாக்கியும் அவனுக்கு போயிடும், அப்புறம் அது எங்க வெடிச்சாலும் போலீஸ் மொதல்ல வர்ற வீடு உங்களோடது. பைக்ல போற நாள்ல துப்பாக்கியால பெரிசா பிரயோஜனமும் இல்ல, ரெண்டு கையும் ஹேண்டில் பார்ல, பக்கத்துல வந்து ஒரு உதை விட்டா நீங்க கீழ. வசூல் நாள்ல கார்லயே போங்க, கார்ல சீட் பெல்ட் போட்டுக்கிட்டு ஹோல்ஸ்டர் கைக்கு எட்டுதான்னு வீட்டு வாசல்லயே காலி துப்பாக்கியோட பாத்துக்குங்க, எட்டாதுன்னா ஹோல்ஸ்டர இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளணும். டேஷ்போர்டு பெட்டியில போட்டு வைக்கறது கணக்குல சேராது. டிரைவர் கையில குடுத்து வைக்கவும் கூடாது, ரீட்டெய்னரா, அதாவது உங்களுக்காக துப்பாக்கி வச்சிக்க அனுமதி உள்ள ஆளா, அவர் பேர் லைசென்ஸ்ல ஏறியிருந்தாத்தான் அவர் தொடலாம். புள்ளைக்கும் அதே கதைதான்.

இதெல்லாம் விட உங்க ஊர்க்காரங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, அத நீங்க கேக்கவே இல்ல. உங்க லைசென்ஸ் கடலூர் கலெக்டர் குடுத்தது. அதுல ஏரியா வேலிடிட்டின்னு, எந்த எல்லைக்குள்ள செல்லும்னு போட்ட ஒரு எடம் இருக்கும், எடுத்து பாருங்க. தமிழ்நாடுன்னு மட்டும் போட்டிருந்தா ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி முள்ளோடைல கால் வச்ச நொடியே உங்க லைசென்ஸ் செல்லாது. நமக்கு கடலூரும் புதுச்சேரியும் ஒரே ஊர் மாதிரி, காலைல போய்ட்டு மத்தியான சாப்பாட்டுக்கு திரும்பறோம், சொந்தக்காரங்க பாதி அங்க பாதி இங்க, ஆனா சட்டத்துக்கு அது வேற நிர்வாகம், யூனியன் பிரதேசம். அதுலயும் பாகூர் பக்கம் எல்லை பின்னிப் பின்னி கெடக்குது, ஒரு வயக்காடு தமிழ்நாடு, அடுத்த வயக்காடு புதுச்சேரி, குறுக்கு வழியில போனா எத்தன தடவ தாண்டுனோம்னு நமக்கே தெரியாது, போர்டும் இருக்காது. மாட்டுனா கேஸ்தான். அதனால துப்பாக்கி வாங்கறதுக்கு முன்னாடி கலெக்டர் ஆபீஸ்ல புதுச்சேரியையும் சேத்து எல்லைய விரிக்கணும்னு காரணத்தோட எழுதி குடுங்க, வியாபார ரசீது, ஜி.எஸ்.டி. பில்லு, வசூல் பார்ட்டிங்க விலாசம் எல்லாம் சேத்து. அது கெடைக்காத வரைக்கும் புதுச்சேரி வசூலுக்கு துப்பாக்கி வராது. புதுச்சேரிக்கு போனா வசூல் முடிஞ்சு வேற "வேலை"யும் சில பேருக்கு இருக்கும், உங்கள சொல்லல, ஆனா ஒரு பெக் போடற எண்ணம் இருந்தா அன்னைக்கு துப்பாக்கி வீட்டுப் பொட்டியிலதான்.

தேர்தல் வந்தா ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்க சொல்லி உத்தரவு வரும், ரசீது வாங்கி பத்திரமா வைங்க. அந்த வாரங்கள்ல உங்க வசூலுக்கு என்ன ஏற்பாடுன்னு இப்பவே யோசிச்சிக்கணும்.

கடல் காத்து. கடலூர்லயும் புதுச்சேரிலயும் இரும்பு படற பாடு உங்களுக்கு சொல்லணுமா, ஜன்னல் கம்பியே நாலு வருஷம் தாங்காது. உடம்போட ஒட்டி இருக்கற துப்பாக்கிக்கு மேல வேர்வை வேற. நிர்பீக்குக்கு நான் மனசார குடுக்கற ஒரே மார்க்கு இதுதான், டைட்டானியம் துருவ ஏத்துக்காது. கறுப்பு பாலிஷ் போட்ட ஸ்டீல்னா வீட்டுக்கு வந்ததும் தோட்டாவ எடுத்துட்டு காஞ்ச துணியால தொடச்சு, கன் ஆயில் ரெண்டு சொட்டு துணியில விட்டு லேசா பூசி வைங்க, சொதசொதன்னு ஊத்தாதீங்க, எண்ணெய் எறங்கி தோட்டாவோட பின்பக்கம் போனா வெடிக்காம போற வாய்ப்பு உண்டு. ராத்திரி தோல் ஹோல்ஸ்டர்லயே போட்டு பீரோவுல வைக்காதீங்க, தோல் ஈரத்த புடிச்சு வச்சிருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில ஒரே வாரத்துல புள்ளி புள்ளியா துரு கெளம்பிடும். பூட்டு போட்ட இரும்புப் பொட்டி, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட், தோட்டா தனிப் பொட்டியில.

பழைய மாடல் ரிவால்வர் எதுவா இருந்தாலும் கீழ விழுந்தா ஹேமர் அடிச்சு வெடிக்காம தடுக்கற அமைப்பு இருக்கான்னு கேட்டு தெரிஞ்சிக்குங்க, பதில் தெளிவா வரலன்னா ஹேமருக்கு நேரா இருக்கற அறைய காலியா விட்டு அஞ்சு தோட்டாவே போடுங்க. ட்ரிகர இழுத்தா சிலிண்டர் சுத்தி அடுத்த அறை வந்துடும், அதனால மொத சுடலுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல.

எப்ப எடுக்கறது? இதுக்கு வக்கீல்தான் முழுசா சொல்லணும், ஆனா துப்பாக்கி வச்சிக்கற ஒவ்வொருத்தரும் பாரதிய நியாய சன்ஹிதாவுல (பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த சட்டம்) 34-ல இருந்து 44 வரைக்கும் உள்ள பிரிவுகள ஒரு தடவயாவது படிச்சிருக்கணும், தற்காப்பு உரிமை அங்கதான் இருக்கு. உங்க உசுருக்கோ கூட இருக்கறவங்க உசுருக்கோ இப்போ, இந்த நிமிஷம் ஆபத்துன்னு நியாயமா பயம் இருந்தாத்தான், அதுவும் தேவையான அளவுக்கு மேல போகக் கூடாது. பைய புடுங்கிட்டு பைக்ல பறந்துட்டான், நீங்க பின்னாடி நின்னு முதுகுல சுட்டீங்கன்னா கோர்ட்ல குற்றவாளிக் கூண்டுல நிக்கறது நீங்கதான், அவன் இல்ல. ஜனம் போற ரோடு, குண்டு எங்க போய் நிக்கும்னு உங்களுக்கு தெரியாது. பணம் போனா போவுது, 112-க்கு போன் அடிங்க, வண்டி நம்பர் சொல்லுங்க. இதுல இன்னொண்ணு, முந்திரி பார்ட்டிங்கள்ல பாதி பேர பேங்க் டிரான்ஸ்ஃபருக்கு மாத்திட்டு, கேஷ் மட்டும் குடுப்பேன்னு அடம் புடிக்கறவங்கள பகல்ல வசூல் பண்ணி அங்கயே பேங்க்ல கட்டிட்டு வந்தீங்கன்னா இந்த கடிதத்துக்கே வேல இருந்திருக்காது. ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ரூட்டுன்னு போறத மொதல்ல நிறுத்துங்க, பின்னாடி வந்தவனுக்கு உங்க டைம் டேபிள் தெரிஞ்சிருக்கு.

லைசென்ஸுக்காக பாதுகாப்புப் பயிற்சி சர்டிபிகேட் வாங்கியிருப்பீங்க, அது ஆரம்பம்தான். தோட்டா கம்மின்னு பயிற்சிய விடாதீங்க, வெடிக்காத டம்மி தோட்டா வாங்கி, நெஜத் தோட்டா இல்லாத ரூம்ல, செங்கல் சுவத்த பாத்து தினம் பத்து நிமிஷம் ட்ரிகர மட்டும் இழுத்து பழகுங்க, சட்டைய தூக்கறதும் எடுக்கறதும் அதுல சேத்துதான். புள்ளைங்க முழிச்சிருக்கும்போது வேண்டாம். நெஜத் தோட்டாவ லைசென்ஸ் உள்ள ரேஞ்ச்ல, நாலஞ்சு மீட்டர்ல இருந்து சுட்டு பாத்தா போதும், இருபத்தஞ்சு மீட்டர் போட்டி நமக்கு இல்ல.

இந்த வாரம் லைசென்ஸ எடுத்து ஏரியா வேலிடிட்டிய பாருங்க, கூடவே எந்த தேதிக்குள்ள துப்பாக்கி வாங்கணும்னு போட்டிருக்குன்னும் பாருங்க, ஃபேக்டரி புக்கிங்னா காத்திருக்க வேண்டி வரும். வாங்குனதும் நம்பர லைசென்ஸ்ல ஏத்த கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துட்டு போகணும், அந்த நாள்லயும் தோட்டா போடாம, ஹோல்ஸ்டர்ல, மூடி.